மாற்றுத்திறனாளிகளின் ஹக்கும் ஜமாஅத்தின் கடமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம். புகழனைத்தும் அவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது, வரவு செலவும் சொல்லப்பட்டது. வழக்கமாக இவ்விடத்தில் கல்வியைப் பற்றியோ, வரதட்சணையின் கேட்டினைப் பற்றியோ பேசுவது நம் மரபு. இவ்வாண்டு நமது மஹல்லாவிலும் சுற்றுக் கிராமங்களிலும் உடலாலோ அறிவாலோ குறைபாடு உடையவர்களாக வாழும் சகோதர சகோதரிகளைப் பற்றியும், அவர்களுக்கென அரசு வைத்திருக்கும் உதவித்தொகையை முறைப்படி பெறுவது எப்படி என்பது பற்றியும் பேச விரும்புகின்றோம். ஏனெனில் தகுதி இல்லாமையால் இத்தொகையை இழந்தவர்களைவிட, தகுதி இருந்தும் வழி தெரியாமலும் துணை இல்லாமலும் இழந்தவர்களையே நாம் அதிகம் காண்கின்றோம்.

யாசகமா, உரிமையா?

நம் மக்களிடையே ஒரு தயக்கம் உண்டு. "அரசாங்கத்திடம் கை நீட்டுவதா? அல்லாஹ் கொடுத்த சோதனையைப் பொறுமையுடன் ஏற்றுக்கொள்வோம்" என்று சிலர் கூறுகின்றனர். பொறுமை உயர்ந்த குணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொறுமையின் சுமையை யார் சுமக்கின்றார்? தந்தை கடைக்குச் சென்றுவிடுகின்றார். அண்ணன் தம்பியர் வெளியூர் சென்றுவிடுகின்றனர். வீட்டில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே, இருபது வயதுப் பிள்ளைக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, இரவில் விழித்திருக்கும் தாய்தான் சுமக்கின்றார். அவருடைய பொறுமையை நாம் புகழ்ந்துவிட்டு எழுந்து போய்விடலாகாது.

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமாகிய அபஸ எந்த நிகழ்ச்சியைத் தொட்டு அருளப்பட்டது என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். குறைஷித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்த வேளையில் கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கேள்வியுடன் வந்தார்கள். பிரமுகர்களின் பக்கமிருந்து அவர் பக்கம் கவனம் திரும்ப வேண்டும் என்பதே அங்கு இறங்கிய பாடம். அதே இப்னு உம்மி மக்தூம் அவர்கள் மதீனாவில் முஅத்தினாக இருந்தார்கள். நபிகளார் (ஸல்) வெளியூர் சென்றபோது பலமுறை மதீனாவின் பொறுப்பை ஏற்றார்கள். பார்வையில்லாதவர் என்பதற்காக அவரை மூலையில் அமர்த்தி வைக்கவில்லை.

பின்னாளில் உமைய்யாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி கி.பி. 705–715) நோயுற்றோரும் நடக்க இயலாதோரும் மக்களிடம் யாசிக்காதிருக்கும்படி அவர்களுக்கு மானியம் வகுத்தார் என்றும், நடக்க இயலாதவருக்கு ஒரு பணியாளையும் பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியையும் அளித்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அது தனி மனிதரின் தர்மமாக அன்றி அரசின் ஏற்பாடாக இருந்தது. மற்றொன்று, பணத்தோடு துணை ஆளும் கொடுக்கப்பட்டார். இந்த இரண்டாவது செய்திக்கு நாம் பின்னர் வருவோம்.

இந்நாட்டில் அரசின் கருவூலம் யாருடையது? தேயிலையும் சோப்பும் வாங்கும் ஏழையும் அந்தப் பொருளின் விலையோடு வரியைச் செலுத்துகின்றார். அந்தக் கருவூலத்திலிருந்து சட்டம் வகுத்த பங்கினைக் கேட்பது யாசகமன்று, ஹக்கைக் கேட்பது.

சட்டம் வளர்ந்த விதம்

தமிழ்நாட்டில் உடல் குறைபாடு உடையோருக்கான ஓய்வூதியத் திட்டம் 1974ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1995ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றுக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நிறைவேற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் 21 வகைகள் உள்ளன. கண், காது, கை கால் குறைபாடுகளோடு, பெருமூளை வாதம், தசைச் சிதைவு நோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பார்க்கின்சன் நோய், தலசீமியா, ஹீமோஃபிலியா, குள்ளத்தன்மை, அமில வீச்சினால் பாதிக்கப்பட்டோர் ஆகியோரும் இன்று இச்சட்டத்தின் நிழலில் வருகின்றனர். "எங்கள் பிள்ளைக்குக் கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, அட்டை எப்படிக் கிடைக்கும்?" என்று கேட்போர் இப்பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. மற்றவர்களுக்கான அதுபோன்ற திட்டத்தில் எவ்வளவு தரப்படுகிறதோ, அதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்பட வேண்டும் என்று அது விதிக்கின்றது. நமது மாநிலத்தில் வருவாய்த் துறை வழங்கும் ஓய்வூதியம் 2011இல் 1000 ரூபாயாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2023 ஜனவரி முதல் அது 1500 ரூபாயாக்கப்பட்டது. அதே ஆண்டில் முதியோருக்கு 1200 ரூபாயாக்கப்பட்டது. 1200க்கு 25 விழுக்காடு 300. கணக்கு சரியாக 1500இல் வந்து நிற்பதைக் காணலாம். இந்தத் தொகை ஓர் அதிகாரியின் இரக்கத்தால் வருவதன்று, சட்டத்தின் அளவுகோலுக்கு உட்பட்டது என்பதை உணர்த்தவே இதைச் சொல்கின்றோம். தொகை போதுமா என்பது வேறு கேள்வி. அண்டை மாநிலமான ஆந்திரப் பிரதேசத்தில் 2024 ஜூலை முதல் 6000 ரூபாய் வழங்கப்படுவதைச் சுட்டிக்காட்டி இங்கும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் போராடி வந்துள்ளன. அவர்களின் கோரிக்கை நியாயமானதே. எனினும் இருப்பதைக்கூடப் பெறாமல் இருப்பவரின் நிலையே இன்று நம் கவலை.

இரண்டு வாசல்கள்

இங்கு இரண்டு தனித்தனி வாசல்கள் உள்ளன என்பதைப் பலர் அறியாததால் அலைச்சல் மிகுகின்றது.

முதல் வாசல் வருவாய்த் துறை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய, 18 வயது நிறைந்த, வறுமை நிலையில் உள்ளவர்களுக்கான மாத ஓய்வூதியம் இங்குதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திற்கெனத் தனி வட்டாட்சியர் இருக்கின்றார். 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோருக்கான இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியமும் இவ்வழியே வருகின்றது. அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய், எஞ்சியது மாநிலத்தினுடையது.

இரண்டாவது வாசல் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. அதன் மாவட்ட அலுவலகம் தூத்துக்குடியில் உள்ளது. அறிவுசார் குறைபாடு உடையோர், 75 விழுக்காட்டிற்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், தசைச் சிதைவு நோயாளர், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு உடையோர் முதலியோருக்குப் பராமரிப்பு உதவித்தொகை இங்கு வழங்கப்படுகின்றது. இதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டியதில்லை. இத்தொகை 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒருவருக்கு இரண்டு வாசலிலும் கிடைக்காது. ஆகவே எது தமக்குரியது, எது கூடுதல் என்பதை முதலிலேயே கேட்டறிந்து விண்ணப்பிக்க வேண்டும். தொகைகளும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள அரசாணையையே கேட்டறிக.

தீப்பெட்டி ஆலையிலோ பட்டாசு ஆலையிலோ வேலை செய்யும்போது ஊனமுற்றவருக்கு இவற்றோடு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது பணியிட விபத்து இழப்பீடும் தொழிலாளர் காப்பீட்டின் ஊன உதவியும். 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்துள்ளது. இது உரிமையாளர் தரும் அன்பளிப்பு அன்று. மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போது எழுதாத தாளில் கையெழுத்து இடாதீர்கள் என்று மட்டும் இங்கே எச்சரிக்கின்றோம்.

மருத்துவரின் முன்னால்

எல்லாவற்றிற்கும் முதற்படி மருத்துவச் சான்றும், தேசிய அளவிலான தனித்துவ அடையாள அட்டையும் ஆகும். 2021 ஜூன் முதல் இச்சான்று இணையத்தளம் வழியாகவே வழங்கப்படுகின்றது. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி விண்ணப்பித்த 3 மாதத்திற்குள் சான்று வழங்கப்பட வேண்டும். 40 விழுக்காட்டிற்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம் என அட்டையின் நிறமும் வகுக்கப்பட்டுள்ளது.

இரண்டு குறைபாடு உள்ளவர்களின் குடும்பத்தார் அடிக்கடி ஓர் ஐயம் எழுப்புவர். "காலுக்கு 40, காதுக்கு 30, கூட்டினால் 70 அல்லவா? ஏன் குறைத்துப் போட்டார்கள்?" என்பர். மருத்துவர்கள் அப்படிக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90இலிருந்து அதைக் கழித்து, வரும் மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பர். 40க்கும் 30க்கும் இம்முறையில் வருவது ஏறத்தாழ 57. இது அநீதியன்று, வகுக்கப்பட்ட கணக்கு. எது கணக்கு, எது பிழை என்பதைப் பிரித்தறிந்தால்தான் பிழையை எதிர்த்து நம்மால் உறுதியாகப் பேச முடியும்.

இனி நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு செய்தி. சென்ற காலத்தில் நம்மிடம் வந்த ஒரு தாயின் நிலையைப் பெயர் கூறாமல் சொல்கின்றோம். அறிவுசார் குறைபாடு உடைய வளர்ந்த மகன். விசாரணைக்கு வந்தவர், "பையன் எப்படியம்மா இருக்கிறான்?" என்று கேட்டிருக்கின்றார். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கான்" என்று அத்தாய் பதில் கூறியிருக்கின்றார். வேறு எப்படிக் கூறுவார்? எந்நிலையிலும் இறைவனைப் புகழ்வது நாம் கற்றுக்கொடுத்த அதபு அல்லவா? ஆனால் வந்தவர் அதை அப்படியே எழுதிச் சென்றுவிட்டார். விண்ணப்பம் தள்ளுபடியானது பல மாதம் கழித்தே அவருக்குத் தெரிந்தது. பின்னர் அம்மகனின் அன்றாட நிலையை ஒரு பக்கத்தில் எழுதி மேல்முறையீடு செய்து, விசாரணையில் உடனிருந்தபின்தான் தொகை கிடைத்தது.

அல்லாஹ்வைப் புகழ்வது நாவின் வணக்கம். அதிகாரி கேட்பதோ சாட்சியம். சாட்சியத்தில் உள்ளதைக் கூட்டவும் கூடாது, மறைக்கவும் கூடாது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திவிடாமல் தொடர்ந்து சொல்லுங்கள்: தானாகச் சட்டைப் பொத்தான் போடுவானா? தனியே கழிப்பறை செல்வானா? பணத்தை எண்ணுவானா? வாசலைத் தாண்டினால் வீடு திரும்பத் தெரியுமா? வலிப்பு மாதத்திற்கு எத்தனை முறை வருகின்றது? ஒரு நல்ல நாளை மட்டும் வைத்துப் பேசாமல், ஒரு மாதத்தின் உண்மையைச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. இல்லாத குறையை உண்டெனக் காட்டுவதும், இருபதை நாற்பதாக்க இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பதும் ஹராம் என்பதோடு குற்றமும் ஆகும். சட்டத்தின் 91ஆம் பிரிவு மோசடியாகப் பயன் பெறுவோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. பொய் அட்டை ஒன்று வெளிப்பட்டால், மெய்யாகவே துன்புறும் பத்துப் பேரின் மீது அதிகாரிகளின் சந்தேகம் விழும் என்பதையும் மறந்துவிடலாகாது.

பெயரும் தாளும்

விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப்பின் தனி வட்டாட்சியரிடம் செல்கின்றது. அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவை தேவை. கேட்டால் வருமானச் சான்றும் தர வேண்டும். இவற்றில் நம் மக்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் பெயர்தான். ஆதாரில் முஹம்மது, குடும்ப அட்டையில் முகமது, வங்கியில் மொகமது. ஒன்றில் பீவி, மற்றொன்றில் பீபி. ஒன்றில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, மற்றொன்றில் கணவர் பெயரின் முதலெழுத்து. நமக்கு இவை ஒரே பெயர். கணினிக்கு மூன்று வேறு மனிதர்கள். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே எல்லாத் தாள்களையும் ஒரு மேசையில் விரித்து வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, முதலில் ஆதாரைத் திருத்திக்கொள்ள வேண்டும். கைவிரல் இல்லாதோருக்கும் ரேகை பதியாதோருக்கும் ஆதாரில் விதிவிலக்குப் பதிவு முறை உண்டு. "ரேகை விழவில்லை, முடியாது" என்று கூறப்பட்டால் அத்துடன் திரும்பி வந்துவிட வேண்டியதில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் இதற்கென ஒரு கோப்பு இருக்கட்டும். எந்தத் தேதியில் எங்கே சென்றோம், யாரைக் கண்டோம், என்ன சொன்னார்கள் என்று அதன் முதல் தாளில் எழுதி வாருங்கள். அசலைக் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள். மனுவுக்கு ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள்.

மறுப்பு வந்தால்

சகோதரர்களே! மறுப்பு என்பது முடிவன்று. ஆனால் வாயால் கூறப்பட்ட மறுப்பை எதிர்த்து எங்கும் செல்ல முடியாது. "கிடைக்காது" என்று கூறப்பட்டால், காரணத்துடன் எழுத்தில் தரும்படி பணிவோடு கேளுங்கள். தராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். "என் விண்ணப்பம் எந்த மேசையில், எந்தத் தேதி முதல், என்ன குறிப்புடன் உள்ளது?" என்ற ஒரு வரிக் கேள்வியே உறங்கும் கோப்பை எழுப்பிவிடுவதுண்டு.

ஓய்வூதியம் மறுக்கப்பட்டாலோ நிறுத்தப்பட்டாலோ கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த அலுவலகம் கோவில்பட்டியிலேயே உள்ளது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம். மருத்துவச் சான்றின் விழுக்காடு தவறென்று கருதினால் சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகின்றது. அதற்குக் காலவரம்பு உண்டு. ஆகவே சான்று கையில் வந்த அன்றே படித்துப் பாருங்கள். இவற்றிலும் தீர்வில்லையெனில் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்திற்கு உள்ள அதிகாரம் 82ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு. அவருடைய பரிந்துரையின் மீது 3 மாதத்திற்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் கூற வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987 மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவியை உரிமையாக்கியுள்ளது. நமது நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

விசாரணைக்குச் செல்வோர் சில முறைகளைப் பேணுவது நல்லது. ஒரு பக்கத்திற்குள் நிகழ்ச்சிகளைத் தேதி வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். குறித்த நேரத்திற்கு முன்பே சென்றுவிடுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் கூறுங்கள். புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். மாடியில் விசாரணை என்றால் கீழ்த்தளத்தில் வைக்கும்படி கேட்பதும், காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் உரிமையே, சலுகையன்று. குரலை உயர்த்தாதீர்கள். குரலை உயர்த்தினால் அன்றைய பேச்சு நம் கோபத்தைப் பற்றியதாக மாறிவிடும். பிள்ளையின் காரியம் பின்னுக்குப் போய்விடும்.

தாய்க்குப் பின்

அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளைகளின் தாய்மார்கள் நம்மிடம் தனியே கேட்கும் கேள்வி ஒன்றே: "ஹஜ்ரத், எங்களுக்குப் பிறகு?" இதற்கு துஆவும் வேண்டும்; தாளும் வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் சட்டப்படி தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றிற்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கின்றது. தாய் தந்தையர் நலமாக இருக்கும்போதே இதை முடித்து வைப்பது அறிவுடைமை. வங்கிக் கணக்கும் சொத்தும் நாளைய பராமரிப்பும் இதைச் சார்ந்தே நிற்கும்.

ஜமாஅத் செய்ய வேண்டியது

வலீத் அவர்கள் பணத்தோடு துணை ஆளையும் கொடுத்தார் என்றோம். இன்று பணத்தைக் கொடுக்க அரசு உண்டு. துணையைக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

நமது கரிசல் மண்ணை நினைத்துப் பாருங்கள். இரண்டு மழை பெய்தால் மூன்று சக்கர வண்டியின் சக்கரத்தில் சேறு அப்பிக்கொண்டு நகராது. ஊன்றுகோல் ஒரு சாண் இறங்கிவிடும். எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ பசுவந்தனை வழியிலிருந்தோ ஒருவர் பேருந்து பிடித்து கோவில்பட்டி வந்து, இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று தூத்துக்குடி சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். "அதிகாரி முகாமுக்குப் போயிருக்கிறார், நாளை வாருங்கள்" என்றால் அந்த நாளின் கூலியும் போயிற்று. உடன் வந்த தாயின் கூலியும் போயிற்று. அப்படி மூன்று முறை ஆனபின் எவரும் நான்காம் முறை கிளம்புவதில்லை.

ஆகவே கமிட்டியின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கின்றோம். முதலாவதாக, மஹல்லாவில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் பதிவேடு ஒன்று, குடும்பத்தாரின் சம்மதத்துடன், இரகசியம் காக்கப்பட்டு எழுதப்படட்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11,79,963 பேர் எண்ணப்பட்டனர். கதவுக்குப் பின்னால் மறைக்கப்பட்டவர் எந்தக் கணக்கிலும் வரார். இரண்டாவதாக, படித்த வாலிபர்கள் நால்வர் முன்வந்து, மருத்துவ முகாமுக்கும் விசாரணைக்கும் துணை செல்லும் பொறுப்பை ஏற்கட்டும். பெண்களுக்குத் துணையாகப் பெண்களும் முன்வரட்டும். மூன்றாவதாக, அவர்களின் பயணச் செலவுக்குப் பைத்துல்மாலில் ஒரு சிறு தொகை ஒதுக்கப்படட்டும். நான்காவதாக, பள்ளிவாசலின் படியருகே ஒரு சாய்தளமும், ஹவ்ளின் ஓரத்தில் பிடிமானக் கம்பியும் அமைக்கப்படட்டும். இந்த உதவி நம் ஜமாஅத்தாரோடு நின்றுவிட வேண்டியதில்லை. தெருவில் நம்மோடு வாழும் எந்தச் சமயத்துச் சகோதரர் வந்து விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டாலும் எழுதித் தருவோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மனிதரை அவருடைய குறையின் பெயரால் அழைக்கும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் ஒழியவில்லை. 2010இல் அரசு தன் ஏடுகளில் ஊனமுற்றோர் என்ற சொல்லை நீக்கி மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை ஏற்றது. பொது இடத்தில் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டத்திற்கு அஞ்சி நாவை அடக்குவதைவிட, அல்லாஹ் அழகிய அமைப்பில் படைத்த ஒருவரை அழகிய பெயர் சொல்லி அழைப்பதே நமக்குச் சிறப்பு.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் பள்ளிவாசல் அலுவலக அறையில் பதிவேடு திறந்து வைக்கப்படும். வீட்டில் இத்தகைய பிள்ளையோ, உடன்பிறந்தாரோ, பெற்றோரோ உள்ளவர்கள் தாள்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். வர இயலாதோர் செய்தி அனுப்புங்கள். நாம் வீட்டிற்கு வருகின்றோம்.

யா அல்லாஹ்! எங்களில் பலவீனர்களின் ஹக்கை அவர்களுக்குச் சேர்ப்பிக்கும் கைகளாக எங்களை ஆக்குவாயாக! அவர்களைச் சுமக்கும் தாய்மார்களின் முதுகுக்கு வலிமையும் உள்ளத்திற்கு அமைதியும் தருவாயாக! அலுவலகங்களில் நீதியுடன் பணிபுரிவோருக்கு நற்கூலி வழங்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.